பெயர் கேட்காத கடை

1

ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் ஒரு மரச்செதுக்குச் சித்திரம் உண்டு. 1856க்கும் 1858க்கும் இடையில் வெளிவந்த வரிசை அது. சுருகா-சோ என்ற தெருவைக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் கடைகள். கூரைகளின் கோடுகள் உள்நோக்கிக் குவிகின்றன. தெருவில் ஜனங்கள் பொடிப்பொடியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். கூரைகளுக்கு மேல் ஒரு மேகப்பட்டை. அதற்கும் மேல், கோடுகள் எல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்தில், ஃபூஜி மலை. சுருகா என்பது அந்த மலை நிற்கும் பிரதேசத்தின் பெயர். மலை தெரிகிற தெரு என்பதால் தெருவுக்கும் அந்தப் பெயர் வந்தது.

கோயிலுக்குப் போகும் பாதையில் தூண்வரிசை எந்த வேலையைச் செய்யுமோ, அதை இங்கே கடைகள் செய்கின்றன. தெருவின் இரண்டு பக்கத்திலும் தெரிவது ஒரே ஸ்தாபனம். எச்சிகோயா என்ற துணிக்கடை. புனிதமான மலைக்கு வழிகாட்டுவதற்கு ஒரு துணிக்கடை போதும் என்று ஹிரோஷிகே கிண்டலாக நினைத்தாரா, பக்தியாக நினைத்தாரா என்று சித்திரத்திலிருந்து சொல்ல முடியாது. எடோக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

கவிதையும் விமர்சனமும் வரும் பக்கங்களில் கடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். நகரம் என்கிற அனுபவத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம் - தனிமை, அந்நியம், கூட்டத்தில் ஒருவன் என்றெல்லாம். இந்த அனுபவம் ஏதோ ஐரோப்பியக் கவிஞர்களின் தலையில் உதித்து உலகெங்கும் ஏற்றுமதியானது என்பது போலத்தான் நம் பேச்சு இருக்கிறது. நகரத்து மனிதன் பெயரற்றவனாக ஆனது முதலில் கவிதையில் நடக்கவில்லை. கடையில் நடந்தது. எந்த வருஷம், எந்தத் தெருவில், யாருடைய கணக்குப் புத்தகத்தில் என்று சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக எடோவில் - 1868க்குப் பின் டோக்கியோ - அது நடந்திருக்கிறது. அந்தச் சரித்திரம் பெயரின்மையை வெறும் இழப்பாகக் காட்டவில்லை. இதுதான் என்னை இதில் இழுத்தது.

2

1673ல் இஸே பிரதேசத்து மத்ஸுஸகாவைச் சேர்ந்த மிட்ஸுயி தகதோஷி, எடோவின் ஹோன்-சோ பகுதியில் ஒன்பது அடி முகப்புள்ள சின்னக் கடை ஒன்றைத் திறந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்தத் தெருவில் ஏற்கனவே பெரிய துணி வியாபாரிகள் இருந்தார்கள். அவர்கள் வியாபாரம் செய்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் தகதோஷி செய்தது என்னவென்று புரியும்.

பெரிய வியாபாரி கடையில் காத்திருப்பதில்லை. பிரபுக்கள் வீட்டுக்கும் ஸாமுராய்கள் வீட்டுக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஆள் போவான், அல்லது என்ன வேண்டும் என்று கேட்டுவந்து பிறகு கொண்டுபோய்க் கொடுப்பான். பணம் உடனே கிடையாது. ஆண்டின் நடுவில் பொன் பண்டிகையின்போதும் ஆண்டு முடிவிலும் கணக்குத் தீர்க்கப்படும். இடைப்பட்ட மாதங்களின் வட்டி, வராமலே போகக்கூடிய கடன், இரண்டும் விலைக்குள் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருக்கும். ஆகவே துணிக்கு விலை என்று ஒன்று கிடையாது. ஆளுக்குத்தான் விலை. யார் கேட்கிறான், எந்த வம்சம், போன வருஷம் எப்போது கொடுத்தான் என்பதைப் பொறுத்து அதே பட்டு ஏறும், இறங்கும்.

தகதோஷியின் கடைவாசலில் எழுதப்பட்ட வாசகம் மிகச் சிறியது. கென்கின் ககேனே-நாஷி. கைக்காசு; ஏற்றிச் சொல்லும் விலை இல்லை. கடைக்கு நீ வா. துணி இங்கே இருக்கிறது. விலை இது. கொடுத்துவிட்டு எடுத்துப் போ. இன்னொன்றும் செய்தார். ஒரு அங்கிக்கு வேண்டிய முழு அளவாகத்தான் துணி விற்பது என்ற வழக்கத்தை உடைத்து, கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். ஒரு காலருக்கு வேண்டிய துண்டுப் பட்டுக்கூட வாங்கலாம் என்றானது. பட்டு என்றால் என்னவென்று கையால் தொட்டே அறியாத ஒரு கூட்டம் கடைக்குள் வந்தது இப்படித்தான்.

சக வியாபாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுடைய சங்கம் இவரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் கழிப்பறைக் கழிவை இவருடைய சமையலறைப் பக்கம் திருப்பி விட்டார்கள் என்று மிட்ஸுயி குடும்ப வரலாறு சொல்கிறது. 1683ல் கடை சுருகா-சோவுக்கு மாறியது. மாறும்போது ஊரெங்கும் துண்டு நோட்டீஸ் விநியோகிக்கப்பட்டது. அதே ஆண்டில் துணிக்கடையோடு நாணய மாற்றுக் கடையும் தொடங்கப்பட்டது. பிற்காலத்து மிட்ஸுயி வங்கிக்கு வித்து அது.

ஐந்து வருஷம் கழித்து, 1688ல், ஸைகாகு தம்முடைய 'நிப்பொன் எய்தய்குரா'வில் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறார். பணம் சேர்த்தவர்களும் தொலைத்தவர்களுமாக வியாபாரிகளின் கதைகள் கொண்ட புத்தகம் அது. ஸைகாகுவைக் கவர்ந்தது கடையின் பிரமாண்டம் மட்டுமல்ல, அதன் வேலைப்பிரிவினையும்தான். நாற்பதுக்கு மேற்பட்ட குமாஸ்தாக்கள். ஒவ்வொருவனும் ஒரே ஒரு சரக்குக்குப் பொறுப்பு. இவன் ஜரிகை, அவன் வெல்வெட், இன்னொருவன் அவசரத்துக்குத் தைத்துக் கொடுக்கும் உடை. அங்கே வாங்குபவன் ஒரு மனிதனோடு வியாபாரம் செய்வதில்லை, ஒரு இயந்திரத்தின் பல்வேறு பற்களோடு செய்கிறான் என்பதை ஸைகாகு ஆச்சரியமாகப் பார்க்கிறார். பயமாக அல்ல. நாம் பயப்படக் கற்றுக்கொண்டது இரண்டு நூற்றாண்டுகள் கழித்து.

'நிர்ணய விலையில் பாரிஸின் போன் மார்ஷே கடையை ஜப்பான் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டது' என்று பெருமையாகச் சொல்வார்கள். யார் முதலில் என்ற ஓட்டப்பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வாசகம் ஒரு உறவை முறித்து இன்னொரு உறவை வைக்கிறது. பேரத்தை நாம் பெரும்பாலும் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறோம். அது மனிதர்களின் பேச்சு, அதில் சிரிப்பும் கோபமும் இருந்தன, அந்தச் சூடு போய்விட்டது என்று. இருந்திருக்கலாம். ஆனால் சமமானவர்கள் பேரம் பேசும்போதுதான் அது பேச்சு. வாள் செருகியவனும் கூடை சுமப்பவனும் ஒரே கடைக்காரன் முன் நின்றால் பேரம் என்பது அவரவர் இடத்தை அவரவருக்கு ஞாபகப்படுத்தும் சடங்கு. வாளுக்கு ஒரு விலை, கூடைக்கு ஒரு விலை. தொக்குகவா அரசு மனிதர்களை ஸாமுராய், விவசாயி, கைவினைஞன், வியாபாரி என்று அடுக்கி, யார் என்ன உடுத்தலாம் என்பதற்கே சட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். அங்கே ஒருவன் கடைக்குள் நுழைகிறான். அவனுடைய பெயரை யாரும் கேட்கவில்லை. பேரேட்டில் அவனுக்குப் பக்கம் இல்லை. அவன் கையில் இருக்கும் காசு மட்டும் பேசுகிறது, எல்லோரிடமும் ஒரே குரலில்.

பெயர் இல்லாமல் இருப்பது அன்று ஒரு விடுதலை. மழை வந்துவிட்டால் எச்சிகோயா தன் முத்திரை போட்ட குடைகளை வந்தவர்களுக்கு இரவல் கொடுக்கும். நகரமெங்கும் அந்த முத்திரை மிதந்து போகும். இது விளம்பரம் என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். ஆனால் முகம் தெரியாதவனுக்குக் குடை இரவல் கொடுக்கும் ஒரு ஸ்தாபனம் அந்த ஊரில் அதற்கு முன் எத்தனை இருந்திருக்கும்?

இந்த விடுதலைக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். கடைச் சிப்பந்திகள் எல்லோரும் ஆண்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் மேற்கு ஜப்பானின் ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, கடையிலேயே உண்டு, உறங்கி, கடையாலேயே புதுப்பெயர் சூட்டப்பட்டு வளர்ந்தவர்கள். சமையலுக்குக்கூடப் பெண்கள் கிடையாது. பல வருஷ ஊழியத்துக்குப் பிறகே முதல் முறையாக ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்க்க அனுமதி. வாங்க வந்தவனின் பெயரைக் கடை கேட்கவில்லை. விற்கவந்த பையனின் பெயரைக் கடை எடுத்துக்கொண்டது.

3

எச்சிகோயாவின் விலை நவீனமானது. ஆனால் கடைக்குள் நடந்த காட்சி நெடுநாள் பழையதாகவே இருந்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பாயில் உட்காருவார். குமாஸ்தா எதிரே உட்காருவான். என்ன வேண்டும் என்று விசாரிப்பான். பையன் உள்ளே ஓடிக் கிடங்கிலிருந்து துணியை எடுத்துவந்து விரிப்பான். இதற்கு ஸாவுரி, உட்கார்ந்து விற்றல், என்று பெயர். பேரம் போய்விட்டது, ஆனால் பேச்சு மிச்சமிருந்தது. வேண்டியதைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் துணி கண்ணில் படும்.

இந்த மிச்சத்தை அழித்தவர்கள் வங்கிக்காரர்கள். இதை எழுதும்போது எனக்கே சற்றுச் சங்கடமாக இருக்கிறது. பகலெல்லாம் பேரேட்டுக்கு முன்னால் உட்காரும் உத்தியோகம்தான் எனக்கும். 1872ல் மிட்ஸுயி குடும்பம் வங்கி தொடங்கும் யோசனையில் இருந்தபோது, நஷ்டத்தில் ஓடிய துணிக்கடையைத் தன்னிடமிருந்து வெட்டி, மிட்ஸுகோஷி என்று ஒரு தனிக் குடும்பப் பெயரை உண்டாக்கி அதன் தலையில் கட்டியது. மிட்ஸுயியின் முதல் பாதியும் எச்சிகோயாவின் முதல் எழுத்தும் சேர்ந்த பெயர். 1876ல் வங்கி திறந்தது. ஜப்பானின் முதல் தனியார் வங்கி. இருநூறு வருஷத்துக் கடை அதற்கு இடைஞ்சலாகிவிட்டது. 1893ல் கடை மறுபடி குடும்பத்துக்குத் திரும்பியது. 1895ல் அதைச் சீர்செய்ய அனுப்பப்பட்டவர் தகஹாஷி யோஷியோ - அமெரிக்காவில் வியாபாரம் படித்துவிட்டு மிட்ஸுயி வங்கியில் வேலை பார்த்தவர். அவர் முதலில் கை வைத்த விஷயங்களில் ஒன்று கணக்கெழுதும் முறை. பழைய பேரேடு போய் மேற்கத்திய இரட்டைப் பதிவு வந்தது. அடுத்து, மாடியில் கண்ணாடிப் பெட்டிகளை வைத்துத் துணிகளைப் பார்வைக்குப் பரப்பினார். 1900க்குள் கடை முழுவதுமே அப்படி ஆயிற்று.

பார்வைக்குப் பரப்புவதற்கு முன்மாதிரி ஏற்கனவே ஊரில் இருந்தது. 1877ல் உயேனோவில் நடந்த முதல் தேசிய தொழிற்பொருட்காட்சியில் விற்காமல் மிஞ்சிய சரக்கை விற்பதற்காக 1878ல் ஒரு கூடம் திறந்தார்கள். கன்கோபா என்று அதற்குப் பெயர். பல கடைகள், ஒரே கூரை, ஒட்டிய விலை, செருப்பைக் கழற்றாமல் நடக்கலாம். ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வரும்வரை ஒன்றுமே வாங்காமல் வரலாம். இதைப் போன்ற கூடங்கள் டோக்கியோவெங்கும் பெருகின. வாங்காமல் பார்த்துக்கொண்டே போவதற்கு எடோ வழக்கில் ஒரு சொல் இருக்கிறது: ஹியகஷி. ஆற வைத்தல், குளிர வைத்தல் என்று பொருள். பழைய காகிதத்தைக் கூழாக்கும் தொழிலாளர்கள் கூழ் ஆறும்வரை பொழுது போக யோஷிவாரா தாசிகள் தெருவில் காசில்லாமல் பார்த்துக்கொண்டே நடந்ததிலிருந்து வந்த சொல் என்பார்கள். தாசிகளை மரச்சட்டங்களுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்த தெரு அது. சொல்லின் பிறப்பு உண்மையோ கட்டுக்கதையோ, கடைக்கண்ணாடியின் மூதாதை அந்தச் சட்டம்தான் என்று டோக்கியோவின் மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடி வந்தபிறகு பேச வேண்டியதில்லை. தெரியாததையும் பார்க்கலாம், பார்த்ததை விரும்பலாம். முன்பு தேவை கடைக்கு வந்தது. இப்போது கடைக்கு வந்தபின் தேவை பிறந்தது. எச்சிகோயாவின் வாசகம் மனிதனை அவன் பெயரிலிருந்து விடுவித்தது. கண்ணாடி அவனுடைய வாயை அடைத்துக் கண்ணை மட்டும் திறந்து விட்டது.

4

1904 டிசம்பரில் கடை மிட்ஸுகோஷி என்ற பெயரில் தனிக் கம்பெனியாயிற்று. நடத்தியவர் ஹிபி ஒஸுகே. அவரும் வங்கியிலிருந்து வந்தவர். 1905 ஜனவரியில் பத்திரிகைகளில் ஒரு அறிவிப்பு வந்தது: அமெரிக்காவில் உள்ளது போன்ற டிபார்ட்மெண்ட் ஸ்டோராக மாறப்போகிறோம் என்று. பிரகடனம் என்றே இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கலை இயக்கங்கள் பிரகடனம் வெளியிடத் தொடங்கியிருந்த காலத்தில் ஒரு கடையும் வெளியிட்டது.

அதே 1905ல் மிட்ஸுகோஷி ர்யூகோ-காய் என்ற குழுவை அமைத்தது. ர்யூகோ என்றால் வழக்கில் பரவுவது, மோஸ்தர். ஆராயத்தக்க ஒரு பொருளாக மோஸ்தரை எடுத்துக்கொண்டு பேசுவதற்கு எழுத்தாளர்களும் அறிஞர்களும் கலைஞர்களும் கூடினார்கள். குழந்தைக் கதைகளுக்குப் பேர்போன இவாயா ஸஸனாமி அதில் முக்கியமானவர். மோரி ஓகாய் இருந்தார். ஜெர்மனியில் மருத்துவம் படித்த ராணுவ டாக்டர். கதேயை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். நவீன ஜப்பானிய உரைநடையை உருவாக்கிய இரண்டு மூன்று பேரில் ஒருவர். 1911ல் கடை நடத்திய மாத இதழில் அவருடைய சிறுகதை ஒன்று வெளியாயிற்று. கதையின் தலைப்பே 'ர்யூகோ'.

இதைக் கேட்டதும் நம்முடைய சிறுபத்திரிகை மனம் தீர்ப்பு வழங்கத் துடிக்கும். கலைஞன் கடைக்கு விலைபோனான் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கும் அந்தத் துடிப்பு வந்தது. ஆனால் அந்தக் குழுவின் தர்க்கத்தை அதன் இடத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும். மேய்ஜி காலத்துப் படித்தவனுக்கு 'ரஸனை' ஒரு பெரிய வேட்கை. பழைய அடுக்குகள் சட்டப்படி கலைந்துவிட்டன. பிறப்பு சொல்லித்தந்த உடையும் பாவனையும் செல்லுபடியாகவில்லை. இனி எதைப் பார்த்து எதை அழகு என்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தங்களுக்கு இருப்பதாக எழுத்தாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அறையும் அச்சகமும் வாசகர் கூட்டமும் கொடுக்கத் தயாராக இருந்தது கடை. பெயரற்ற கூட்டத்துக்கு ரஸனை கொடுக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். ஒருவனுக்கு அது லட்சியம். மற்றவனுக்கு அது சரக்கு. அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பதைவிட, இரண்டு ஆசைகள் ஒரே வாக்கியத்தைப் பேசின என்பதுதான் நிஜம். அதனால்தான் அது அதிகக் கவலை தருகிறது.

அந்த ரஸனை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு உதாரணம். ரஷ்ய-ஜப்பானிய யுத்தம் முடிந்த 1905ஐ ஒட்டி மிட்ஸுகோஷி 'கென்ரோகு மோஸ்தர்' என்ற அலையைக் கிளப்பியது. கென்ரோகு என்பது 1688லிருந்து 1704 வரையிலான ஆண்டுகள். அந்தக் காலத்துப் பெரிய பெரிய பூவேலைகள், கட்டங்கள் கிமோனோக்களில் திரும்பி வந்தன. கடையின் சித்திரக்காரர்கள் வரைந்தார்கள். நாட்டியம் அமைக்கப்பட்டது. பத்திரிகைகள் எழுதின. கென்ரோகு என்பது ஸைகாகுவின் காலம். எச்சிகோயா சுருகா-சோவில் வேர்விட்ட காலம். தன் இளமையையே கடை ஒரு டிசைனாக வெட்டி விற்றது. சரித்திரம் இதற்கு முன் அரசர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது, புலவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. கஜக்கணக்கில் விற்கப்பட்டது அங்கேதான்.

1914ல் புதிய கட்டடம் எழுந்தது. மறுமலர்ச்சிக் காலப் பாணி, உள்ளே எஸ்கலேட்டர், வாசலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களைப் பார்த்து வார்த்த இரண்டு வெண்கலச் சிங்கங்கள். இன்றைக்கு இம்பீரியல் தியேட்டர், நாளைக்கு மிட்ஸுகோஷி என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகம் 1910களில் ஊரெங்கும் வழங்கியது. நாடகத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான் இடைவெளி. அதைக்கூட அந்த வாசகம் கால்புள்ளியாகச் சுருக்கிவிட்டது.

5

1923 செப்டம்பர் 1ந் தேதி பூகம்பமும் நெருப்பும் நகரத்தைத் தின்றன. மிட்ஸுகோஷியும் எரிந்தது. சாம்பலிலிருந்து எழுந்த கடைகளில் ஒரு சின்ன மாறுதல் நிலைபெற்றது. வாசலில் செருப்பை வாங்கி வைத்துச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் மறைந்தது. தெருவின் புழுதியோடேயே உள்ளே போகலாம். தெருவுக்கும் கடைக்கும் இடையிலிருந்த கடைசிப் படி போயிற்று.

1925 மே மாதம் கோன் வாஜிரோ என்பவர் நண்பர்களோடு கின்ஸா தெருவில் நின்று, போகிறவர் வருகிறவர்களின் உடையை எண்ணினார். கட்டடக்கலைப் பேராசிரியர், கிராமத்துக் குடிசைகளை ஆராய்ந்தவர். ஆண்களில் நூற்றுக்கு 67 பேர் மேல்நாட்டு உடை. பெண்களில் 1. காலர், மீசை, கைப்பை, காலணி என்று ஒவ்வொன்றாக வரைந்து கணக்கிட்டார். தொல்லியலுக்கு எதிர்ப்பதமாக இதற்குக் 'கோகென்கக்கு' என்று பெயர் வைத்தார் - நிகழ்காலத்தைத் தோண்டும் இயல். இருபது வருஷத்து மோஸ்தர் பிரசாரத்துக்குப் பிறகு, யாரோ ஒருவர் விற்காமலும் உபதேசிக்காமலும் சும்மா பார்த்து எழுதிக்கொண்டார். ர்யூகோ-காய் மேஜையில் உட்கார்ந்த அத்தனை பேரைவிடவும் இந்தத் தெருவோரக் கணக்கு எனக்கு இலக்கியத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

அந்த 1 என்ற எண் ஏழு வருஷம் கழித்து வேறொரு விதமாகத் திரும்பி வந்தது. 1932 டிசம்பர் 16 காலை. நிஹோன்பஷியில் மிட்ஸுகோஷிக்குச் சற்றுத் தள்ளி ஷிரொகியா. 1662லிருந்து எடோவில் இருந்த கடை. அப்போது எட்டு மாடிக் கட்டடம். நாலாம் மாடியில் பொம்மைப் பகுதி. கிறிஸ்துமஸ் மரத்து விளக்கைச் சரிசெய்கையில் கிளம்பிய பொறி செல்லுலாயிட் பொம்மைகளில் பற்றியது. 14 பேர் செத்தார்கள். பலர் மாடி ஜன்னலிலிருந்து கயிற்றிலும் முடிச்சுப் போட்ட துணியிலும் தொங்கி இறங்கப் பார்த்து விழுந்தவர்கள்.

சில நாளில் கடையின் நிர்வாகி ஒருவர் பத்திரிகைக்கு ஒரு விளக்கம் சொன்னார். கிமோனோவுக்குள் உள்ளுடை அணியாத விற்பனைப் பெண்கள், கீழே கூட்டம் பார்க்கிறதே என்று வெட்கப்பட்டு, விலகிய ஆடையைப் பிடிக்கக் கயிற்றிலிருந்து கையை எடுத்ததால் விழுந்தார்கள் என்று. இனி ஊழியப் பெண்கள் உள்ளுடை அணிய ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். இந்தக் கதை உலகம் சுற்றியது. ஜப்பானியப் பெண்கள் மேல்நாட்டு உள்ளுடைக்கு மாறியது இந்த நெருப்பினால்தான் என்று பல புத்தகங்கள் எழுதின. 2002ல் இனொஉவே ஷோயிச்சி என்ற கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஒரு முழுப் புத்தகம் எழுதி, இந்தக் கதைக்கு ஆதாரம் நிற்கவில்லை என்று வாதிட்டார். பெண்களின் உடைப் பழக்கமும் அந்தத் தேதியில் திடீரென்று மாறிவிடவில்லை.

நான் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். கயிறு கையை அறுத்திருக்கும், புகை கண்ணை மறைத்திருக்கும், துணி முடிச்சு அவிழ்ந்திருக்கும். விழுந்தவர்கள் இறங்க வழியில்லாததால் விழுந்தார்கள். ஆனால் எழுபது வருஷம் உலகம் நம்பியது அவர்கள் வெட்கத்தால் விழுந்தார்கள் என்று. சாவின் காரணம் கட்டடத்திலிருந்து நகர்ந்து பெண்ணின் உடம்புக்குப் போயிற்று. அந்தக் கதையைச் சொன்னது கடை. அதற்கு முன்பும் கடைதான் கூட்டத்துக்கு எது அழகு, எது மோஸ்தர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாவுக்கும் அதுவே வாசகம் எழுதியது. அந்தப் பெண்களுக்குக் கதையில் பெயர் இல்லை. 1673ல் விடுதலையாக இருந்த பெயரின்மை இங்கே வேறொன்றாகிவிட்டது.

6

யுத்தம் எல்லாப் பேச்சையும் நிறுத்தியது. 1940ல் ஆடம்பரப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. ஆடம்பரமே எதிரி என்ற பலகைகள் டோக்கியோவில் நின்றன. 1945ல் சரணடைந்த சில நாளிலேயே ஷின்ஜுக்குவில் திறந்தவெளிக் கள்ளச்சந்தை முளைத்தது. உயேனோ ரயில் பாலத்தடியில் இன்னொன்று. அரசாங்கம் நிர்ணயித்த விலை ஒன்று. சோறு கிடைத்த விலை வேறு.

அந்நாளில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் யமாகுச்சி யோஷிததா என்ற நீதிபதி இருந்தார். உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறியவர்களுக்குத் தண்டனை விதிப்பது அவர் வேலை. தண்டிக்கிறவன் அதே குற்றத்தைச் செய்யக்கூடாது என்று கள்ளச்சந்தை உணவைத் தொட மறுத்தார். ரேஷனை மட்டும் வைத்து வாழ முடியவில்லை. 1947 அக்டோபரில் பட்டினியால் செத்துப்போனார். ககேனே-நாஷி, ஏற்றிய விலை இல்லை, என்ற வாசகத்தை அதன் கடைசி எழுத்துவரை நம்பிய மனிதர் அந்த நகரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அவர் கடைக்காரர் அல்ல.

உயேனோவின் அந்தச் சந்தை அமெயோகோ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மீனும் உலர்பழமும் செருப்பும் விற்கும் குரல்கள் அங்கே உரக்கக் கேட்கும். கேட்டால் விலை குறையும். பேரத்தின் ஏக்கம் உள்ளவர்கள் அங்கே போகிறார்கள். ஆனால் டோக்கியோவின் அன்றாடம் வேறிடத்தில் இருக்கிறது. 1974 மே மாதம் தோயொசு பகுதியில் முதல் செவன்-இலெவன் கடை திறந்தது. மிகச் சிறிய கடை. எச்சிகோயாவின் கொள்கைகள் அத்தனையும் அதில் இருந்தன: கைக்காசு, ஒரே விலை, துண்டு அளவு, பெயர் கேட்காமை.

1982ல் அந்தக் கடைகளில் விற்பனையைக் கணினியில் பதியும் கல்லாப்பெட்டிகள் வரத் தொடங்கின. அவற்றில் ஒரு பொத்தான் வரிசை உண்டு. சில்லறை கொடுக்குமுன் சிப்பந்தி எதிரே நிற்பவரின் முகத்தை ஒரு கணம் பார்த்து, ஆணா பெண்ணா, சுமாராக என்ன வயது என்று ஊகித்து அழுத்துவான். அழுத்தினால்தான் கல்லா திறக்கும். வாங்குகிறவருக்கு இது தெரியாது. பெயர் கேட்கப்படவில்லை, ஆனால் ஒரு அந்நியன் இன்னொரு அந்நியனைக் கண்ணால் நிறுத்து ஒரு கட்டத்தில் போட்டுவிட்டான். பழைய ஹோன்-சோ வியாபாரி செய்த அதே காரியம். வந்தவன் யார்? எவ்வளவு பெறுவான்? 2010களின் கடைசியில் செவன்-இலெவன் அந்தப் பொத்தானைக் கைவிட்டது. அதற்குள் காசுக்குப் பதிலாக அட்டையும் கைபேசியும் வந்துவிட்டன. அவை ஊகிப்பதில்லை. ஒருவர் நேற்று எத்தனை மணிக்கு என்ன வாங்கினார் என்று அவற்றுக்குத் தெரியும். 1673ல் மூடப்பட்ட பேரேடு மறுபடி திறந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது, கூலிக்காரனுக்கும்கூட. அந்த அளவில் அது ஜனநாயகமானது.

மூன்றரை நூற்றாண்டின் முடிவில் நாம் வந்து சேர்ந்தது புறப்பட்ட இடம்தானா? அப்படிச் சொன்னால் வட்டம் அழகாக மூடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பிரபுவின் வீட்டுக்குத் துணி கொண்டுபோனவனுக்குப் பிரபுவைத் தெரியும். பிரபுவுக்கும் அவனைத் தெரியும். இப்போதைய பேரேட்டில் ஒரு பக்கம் மட்டுமே பார்க்கிறது.

ஷிரொகியா 1967ல் பெயர் மாறி, 1999 ஜனவரி 31ல் மூடப்பட்டது. மிட்ஸுகோஷி 2008ல் இஸெதான் என்ற போட்டிக் கடையோடு ஒரே கம்பெனிக்குக் கீழ் வந்தது. ஹிரோஷிகே வரைந்த தெருவில் ஒரு பக்கம் இன்னமும் மிட்ஸுகோஷியின் கட்டடம், மறுபக்கம் மிட்ஸுயியின் கட்டடம். கோடுகள் அதே போல் குவிகின்றன. தெருக்கோடியில் மலை தெரிவதில்லை.

டோக்கியோவின் பெரிய கடைகளில் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குச் சிப்பந்திகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, உள்ளே வருகிறவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்வது வழக்கம். முதலில் நுழைகிறவர் யாராகவும் இருக்கலாம். குளிருக்கு ஒதுங்க வந்த கிழவராக இருக்கலாம், எதையும் வாங்காமல் ஹியகஷி செய்ய வந்தவராக இருக்கலாம். அந்த வணக்கம் சம்பளத்துக்குச் செய்வது என்று தெரியும். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை.